ஈரலில் சீழ்க்கட்டி: பயமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்!

தொடையிலோ முதுகிலோ ஒரு கட்டி கிளம்பினால் என்ன செய்வது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிவந்து, வீங்கி, 'விண் விண்' என்று தெறிக்கும். பழுக்கும் வரை பற்றுப் போடுவார்கள். பழுத்துவிட்டால், "இனிமே பற்றுப் போட்டுப் பிரயோசனமில்லை, சீழை எடுத்தாத்தான் ஆறும்" என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். அனுபவம் கற்றுத் தந்த பாடம் அது.

இதே கட்டி கல்லீரலுக்குள் வந்தால்? கண்ணுக்குத் தெரியாது. கைக்கும் எட்டாது. காய்ச்சலும் வலியும்தான் நமக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தத் தகவலை நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோமா என்பதில்தான் நோயாளியின் உயிரே இருக்கிறது.

எங்கள் ஆறுமுகநேரி உப்பளங்கள் சூழ்ந்த ஊர். சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாள் மாலையில் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "சூட்டுக் காய்ச்சல்தான், ரெண்டு இளநி குடிச்சா சரியாப் போயிரும்" என்பார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. வலது விலா வலிக்கிறது என்றால், "அது வாயு, பூண்டைச் சுட்டுத் தின்னுங்க" என்பார் மதினி. தோள்பட்டை வலித்தால் சுளுக்கு. கண் லேசாக மஞ்சளித்தால் கீழாநெல்லி. இப்படி ஒவ்வொரு தொந்தரவுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனி வைத்தியம் பார்த்து, பத்துப் பதினைந்து நாள் ஓடிவிடும். ஆனால் இத்தனையும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அந்த நோய்தான் கல்லீரல் சீழ்க்கட்டி.

சீழ் எப்படி உண்டாகிறது?

பெரியவர்களின் கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ எடை இருக்கும். வலது விலா எலும்புகளுக்கு உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, குடலில் இருந்து நேராக ஒரு பெரிய நாளத்தின் வழியாக வருகிறது. நாம் சாப்பிட்ட உணவின் சத்து எல்லாம் இந்த வழியாகத்தான் ஈரலுக்குப் போகிறது. சத்தோடு சேர்ந்து சில சமயம் கிருமிகளும் போகும். அவற்றைப் பிடித்து அழிக்க ஈரலில் தனிக் காவல் அணுக்கள் உண்டு. அதனால்தான் நம்மில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை.

கிருமிகள் கூட்டமாக வந்தாலோ, உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தாலோ, காவல் உடைந்துவிடும். கிருமிகள் ஓரிடத்தில் தங்கிப் பெருகும். அவற்றோடு போராடி மடிந்த வெள்ளணுக்களும், அழிந்த ஈரல் திசுவும் சேர்ந்து சீழாகத் தேங்கும். குடலில் இருந்து வரும் ரத்தத்தில் பெரும்பகுதி ஈரலின் வலது பாகத்துக்குப் போவதால், கட்டியும் வலது பக்கத்திலேதான் அதிகம் வருகிறது.

கிருமிகள் வரும் வழிகள் பல. பித்தப்பையிலோ பித்தநாளத்திலோ கல் அடைத்துக்கொண்டால், தேங்கிய பித்தத்தில் கிருமி வளர்ந்து ஈரலுக்கு ஏறும். இன்று இதுதான் முக்கியமான வழி. குடல்வால் அழற்சி, பெருங்குடல் புண் போன்றவற்றில் இருந்து ரத்தத்தின் வழியே வரலாம். பல்லில், தோலில், நுரையீரலில் இருக்கும் கிருமியும் வந்து சேரலாம். எவ்வளவு தேடினாலும் காரணம் புலப்படாமல் போவதும் உண்டு.

மீன் சாப்பிடாத நாளே இல்லாத நம் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வழியும் இருக்கிறது. தெரியாமல் விழுங்கிய கூர்மையான மீன் முள், இரைப்பை அல்லது முன்சிறுகுடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஈரலுக்குள் போய்க் கட்டி உண்டாக்கலாம். அபூர்வம்தான். ஆனால் உலகம் முழுவதும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முள் விழுங்கியது நோயாளிக்கு ஞாபகமே இருக்காது. ஸ்கேனில் மெல்லிய கோடாகத் தெரிந்த பிறகுதான் விஷயம் வெளிவரும். பொய்ப்பல் கட்டிய பெரியவர்களுக்கு வாயில் முள் உறுத்துவது சரியாகத் தெரியாது. அவர்களுக்கு மீனை ஆய்ந்து கொடுங்கள்.

பாக்டீரியாவா, அமீபாவா?

ஈரல் கட்டியில் முக்கியமாக இரண்டு வகை. பாக்டீரியாக்கள் உண்டாக்குவது ஒன்று. அமீபா என்ற ஒற்றை அணு உயிரி உண்டாக்குவது மற்றொன்று. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையில் வித்தியாசம் உண்டு.

அமீபா, மலம் கலந்த தண்ணீர், ஈ மொய்த்த பண்டம், கழுவாத கை இவற்றின் மூலம் வயிற்றுக்குள் போகிறது. குடலில் தங்கி, அங்கிருந்து ஈரலுக்கு ஏறுகிறது. சீதபேதி வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை. இந்த வகை பெரும்பாலும் நடுவயது ஆண்களைத்தான் தாக்குகிறது. அதிலும் குடிப்பழக்கம் உள்ளவர்களை அதிகம். நமக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாழ்ப்பாணத்தில் இந்த நோய் வெகுகாலமாக உண்டு. அங்கே ஆராய்ந்த மருத்துவர்கள், நோயாளிகளில் பெரும்பாலோர் பனங்கள் குடிக்கும் ஆண்கள் என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் திருட்டுத்தனமாகக் குடிப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஈ விழுந்த கலயம், கலக்கிற அசுத்தத் தண்ணீர், பலர் வாய் வைத்த குவளை, குடியால் ஏற்கெனவே நொந்துபோன ஈரல்... இதற்கு மேல் வேறென்ன வேண்டும்? "அப்போ பதநீர் குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய புதுப் பதநீரைச் சுத்தமான குவளையில் தாராளமாகக் குடிக்கலாம். தெருவோரத்து ஐஸ் கட்டியைப் போட்டுக் குடிக்காதீர்கள்.

பாக்டீரியா வகையில் ஈ-கோலை, கிளெப்சியெல்லா என்ற இரண்டும் அடிக்கடி காணப்படும் கிருமிகள். 1980-களில் தைவான் நாட்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பித்தக்கல் இல்லை, குடல் நோயும் இல்லை. ஆனாலும் கிளெப்சியெல்லா கிருமியால் ஈரலில் கட்டி. நோயாளிகளில் பலர் சர்க்கரை நோயாளிகள். சிலருக்குக் கிருமி ரத்தத்தில் பரவிக் கண்ணையே பறித்துவிட்டது. இந்த வகை இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. இந்தியாவும் விலக்கல்ல.

சர்க்கரை நோயாளிகளே, இது உங்களுக்கு!

டென்மார்க்கில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல் சீழ்க்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் வெள்ளணுக்கள் கிருமியைச் சரியாக விழுங்குவதில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கிற இந்தக் காலத்தில், இது எங்கேயோ யாருக்கோ வரும் வியாதி என்று ஒதுக்க முடியாது.

இன்னொரு கிருமியும் இருக்கிறது. மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்குவது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக் காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளை இது எளிதில் பிடிக்கும். ஈரலில் தேன்கூடு போலப் பல சிறு கட்டிகளை உண்டாக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சாதாரண மருந்துகள் இதற்குப் பலிக்காது. தனி மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். வயல், வெற்றிலைக் கொடிக்கால் வேலை பார்க்கும் சர்க்கரை நோயாளிகள், அந்த விவரத்தை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* குளிர் நடுக்கத்தோடு விட்டு விட்டு வரும் காய்ச்சல். இரவில் உடம்பு நனையும் வியர்வை.
* வலது விலாவின் கீழ் வலி. இருமினாலும், பெருமூச்சு விட்டாலும், வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் அதிகமாகும்.
* வலது தோள்பட்டையில் வலி. ஈரலுக்கு மேலே உள்ள உதரவிதானம் உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியும். எண்ணெய் தேய்த்தால் போகாது.
* பசியின்மை, குமட்டல், நாளுக்கு நாள் உடம்பு இளைத்தல்.
* வறட்டு இருமல், சில சமயம் விக்கல்.

மஞ்சள் காமாலை சிலருக்குத்தான் வரும். ஆகவே, "கண்ணு மஞ்சளா இல்ல, ஈரல் நல்லாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காய்ச்சல் பலமாக இல்லாமல், வெறும் சோர்வும் பசியின்மையும் மட்டும் இருக்கலாம். குடும்பத்தார்தான் கவனிக்க வேண்டும்.

மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல், கூடவே வலது விலாவில் வலி. இந்த இரண்டும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், "ஈரலை ஸ்கேன் பார்க்கணுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

என்ன பரிசோதனைகள்?

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதல் படி. வலி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. கட்டி எங்கே, எத்தனை, எவ்வளவு பெரியது, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, சர்க்கரை, ஈரல் சோதனைகள் பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பது நல்லது. என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில்தான் தெரியும். மருந்துக் கடையில் தாமாகவே நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போனால், இந்தச் சோதனை சரியாக வராது.

சிகிச்சை என்ன?

பாக்டீரியா கட்டி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தநாளம் வழியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பிறகு மாத்திரையாகத் தொடர்வார்கள். மொத்தம் 4 முதல் 6 வாரம். சிறிய கட்டி, அதாவது 3 செ.மீ.க்குள் இருந்தால், மருந்திலேயே கரைந்துவிடலாம். அதைவிடப் பெரியது என்றால், ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்திச் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். 5 செ.மீ.க்கு மேல் போனால் பெரும்பாலும் ஒரு மெல்லிய டியூபைப் பொருத்திச் சீழைச் சில நாட்கள் வெளியே ஒரு பையில் வடிய விடுவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் இன்று வெகு சிலருக்கே தேவைப்படுகிறது. கட்டி உடைந்துவிட்டாலோ, டியூபில் வடியாமல் பல அறைகளாக இருந்தாலோ, உள்ளே முள் சிக்கியிருந்தாலோ அது தேவையாகலாம்.

அமீபா கட்டிக்கு மெட்ரோநிடசோல் என்ற மருந்து அருமையாக வேலை செய்யும். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பெரும்பாலோருக்கு ஊசி குத்திச் சீழ் எடுக்க வேண்டியே வராது. எடுத்தால், அது நெத்திலி மீன் சாறு போலப் பழுப்பு நிறத்தில் இருக்கும் என்று மேல்நாட்டு மருத்துவ நூல்களிலேயே எழுதியிருக்கிறார்கள். மருந்து சாப்பிடும்போது வாயில் இரும்புச் சுவை தட்டும், சிறுநீர் கருத்துப் போகலாம். பயப்பட வேண்டாம். ஆனால் மதுவைத் தொடவே கூடாது. இந்த மருந்து முடிந்ததும் குடலில் மிச்சமிருக்கும் அமீபாவை ஒழிக்க இன்னொரு மருந்து தருவார்கள். "காய்ச்சல்தான் போயிருச்சே" என்று அதை விட்டுவிட்டால், நோய் திரும்பலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம்.

திருச்செந்தூர், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று நம் பக்கத்திலேயே அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். பணத்தை நினைத்து நாள் கடத்தாதீர்கள்.

சித்த மருத்துவத்தில் வழி இல்லையா?

"நீங்களே சித்த வைத்தியர். எங்களை ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அனுப்புகிறீர்களே?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் படித்த சித்த மருத்துவத்தில் புறமருந்துகள் 32 வகை. அவற்றில் பற்று, ஒற்றடம் மட்டும் இல்லை. கீறல், அறுவை, உறிஞ்சல் ஆகியவையும் உண்டு. பழுத்த கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்த விஷயம்தான். ஈரலுக்குள் எட்டிப் பார்க்கும் கண்தான் அன்றைக்கு இல்லை. ஸ்கேன் அந்தக் கண்ணாக இன்று வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது நம் மருத்துவத்துக்கு விரோதமாகாது.

கீழாநெல்லி நல்ல மூலிகை. நிலவேம்புக் குடிநீரும் நல்ல மருந்து. ஆனால் ஈரலில் தேங்கிய சீழை இரண்டும் வற்ற வைக்காது. அவற்றை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் கட்டி பெருக்கும் நாள். வலது விலாவில் எண்ணெய் தேய்த்து நீவுவதும், அமுக்குவதும் கூடவே கூடாது. கட்டி வயிற்றுக்குள் உடைந்துவிட்டால் ஆபத்து. பேதி மருந்தும் வேண்டாம். பற்பம், செந்தூரம் எதையும் இந்தச் சமயத்தில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நோய் தணிந்து உடம்பு தேறும் காலத்தில், பசியைத் தூண்டவும் தெம்பு கூட்டவும் சித்த மருந்துகள் எடுத்துக்கொள்ள விரும்பினால், ஆங்கில மருத்துவரிடமும் சொல்லிவிட்டு, பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் வாங்குங்கள்.

ஒரு செய்தி சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1912-ல் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், அமீபா நோய்க்கு எமெட்டின் என்ற ஊசி மருந்தைக் கொண்டுவந்தார். அது ஒரு செடியின் வேரில் இருந்து எடுத்த சத்து. பல உயிர்களைக் காத்தது. ஆனால் இருதயத்தைப் பாதிக்கக்கூடியது. 1960-களில் மெட்ரோநிடசோல் வந்ததும் மருத்துவர்கள் எமெட்டினைக் கைவிட்டார்கள். வேரா, ரசாயனமா என்பதைவிட, நோயாளிக்கு எது பாதுகாப்பு என்பதுதான் வைத்தியனின் கணக்கு.

குணமாகுமா?

1938-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஆக்ஸ்னரும் டிபேக்கியும் பாக்டீரியா கட்டியைப் பற்றி எழுதியபோது, நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பென்சிலின் இல்லாத காலம். ஸ்கேனும் இல்லை. இன்று பெரும்பாலான மருத்துவமனைக் கணக்குகளில் மரணம் நூற்றுக்கு 15-ஐத் தாண்டுவதில்லை. சிக்கல் இல்லாத அமீபா கட்டியில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றுதான்.

ஆபத்து யாருக்கு? தாமதமாக வந்தவர்களுக்கு, முதியவர்களுக்கு, கட்டுப்படாத சர்க்கரை நோயாளிகளுக்கு, புற்றுநோய் உள்ளவர்களுக்கு, கட்டி உடைந்தவர்களுக்கு. கட்டி மார்புக்குள் உடைந்தால் மூச்சுத் திணறும். இடது பாகத்துக் கட்டி இருதய உறைக்குள் உடைந்தால் மிகவும் அபாயம். கிருமி ரத்தம் முழுக்கப் பரவினால் சிறுநீரகம் முதலான உறுப்புகள் செயலிழக்கும். கண் திடீரென்று மங்கினாலும் உடனே சொல்ல வேண்டும்.

குணமான பிறகும் ஸ்கேனில் கட்டியின் தடம் பல மாதங்கள் தெரியும். "இன்னும் போகலையே" என்று கலங்க வேண்டாம். காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது என்றால் ஈரல் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். காரணம் தெரியாமல் பாக்டீரியா கட்டி வந்த நடுவயதுக்காரர்களுக்கு, குணமான பின் பெருங்குடலை எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். சிலருக்கு அங்கே மறைந்திருக்கும் புற்றுநோயை அப்போதே கண்டுபிடித்துவிடலாம். அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் கவனிப்பு

பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள்! இளைத்த உடம்புக்குப் புரதம் வேண்டும். குழைந்த சோறு, பாசிப்பருப்பு, இட்லி, மோர், வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் கொடுக்கலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால், அது மடங்காமல், இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் எவ்வளவு வடிகிறது என்று குறித்து வையுங்கள். அளவு 10, 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுக்கும் காலம் வருகிறது என்று பொருள். முடிவு மருத்துவருடையது. காய்ச்சல் ஐந்தாம் நாளே விட்டாலும் ஆன்டிபயாடிக்கைச் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். பாதியில் நிறுத்துவதுதான் கட்டி திரும்ப வர வழி.

வராமல் தடுக்க

* கிணற்று நீர் உவர்ப்பான நம் ஊர்களில் குடிநீரைப் பிடித்து வைத்துத்தான் குடிக்கிறோம். காய்ச்சி ஆற வையுங்கள், குடத்தை மூடி வையுங்கள், கையை விட்டு மொள்ளாதீர்கள்.
* சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
* சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். சொத்தைப் பல்லையும் கால் புண்ணையும் வளர விடாதீர்கள்.
* பித்தக்கல் வலி கொடுத்தால் தள்ளிப்போடாமல் ஆலோசனை கேளுங்கள்.
* குடியை விடுங்கள். ஈரலுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

வெளியே தெரியும் கட்டிக்குக் காட்டுகிற அதே அக்கறையை, தெரியாத கட்டிக்கும் காட்டுங்கள். காய்ச்சலும் வலது விலா வலியும் சேர்ந்தால் நாள் பார்க்காதீர்கள், ஸ்கேன் பாருங்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிற நோய் இது.